கடைமடைப் பைலட்

வாடா பேராண்டி, உக்காரு. திண்ணையில எடம் இருக்கு. அந்த போனை மட்டும் கொஞ்சம் அந்தாண்ட வையி. வைக்க மாட்டியா? சரி, மடியிலயே வச்சுக்க. காலையில கம்பன் எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்கினதுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பல்லு வெளக்கப் போனாலும் கையில போனு, கொல்லைக்குப் போனாலும் கையில போனு. ஒங்க அப்பாயி என் காதுல வந்து கேக்குறா, "புள்ளைக்கு ஏதும் காதல் கீதலா?"ன்னு. "இல்லடி, அது ஸ்டாண்ட்பை. காதல்னா எடையில கொஞ்சமாவது சிரிப்பான்"னேன்.

இன்னைக்கு ஒனக்கு ஓய்வுதானேன்னு கேட்டா, "ஆமா தாத்தா, வார ஓய்வு, 48 மணி நேரம்"ங்கறே. ஓய்வுல இருக்கறவன் போனை ஏன்டா மொறைக்கிறே? தும்பை அவுத்து விட்டாலும் மாடு மொளைக்குச்சியையே சுத்தும். பழக்கம்.

ஊர்ல ஒன்னைப் பத்திப் பேசாத வாய் இல்ல. கோட்டுச்சேரி கடைத்தெருவுல என்னை இப்ப "பைலட் தாத்தா"ன்னுதான் கூப்பிடுறாங்க. கூப்பிட்டு டீயும் வாங்கித் தர்றாங்க, நானும் வேண்டாம்னு சொல்றதில்ல. மேல எங்கயாவது ஒரு சத்தம் கேட்டா போதும், அத்தனை பேரும் அண்ணாந்து பாத்து "நம்ம பய போறான்"ங்கறாங்க. அவன் போகலப்பா, பம்மல்ல மூணாவது மாடியில ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கான்னு நான் எப்படிச் சொல்றது? டீ போயிடுமே.

ஒங்கப்பன் 6 மா நெலத்தை வித்தான். மிச்சம் இருந்த 4 மாவை பேங்குல வச்சான். சின்ன ப்ளேன்ல 200 மணி நேரம் பறந்தாத்தான் லைசென்ஸுன்னு சொன்னே. அதுக்கே அரைக் கோடியைத் தாண்டிப் போச்சு. அப்புறம் ஏர்பஸ்ஸுக்குத் தனிப் படிப்பு, டைப் ரேட்டிங்குன்னு, அதுக்குத் தனிப் பணம். அந்த நெலத்துல இப்ப வேற எவனோ சம்பா போட்டு அறுத்துக்கிட்டிருக்கான். ஒனக்கு வெளைஞ்சது தோள்ல தங்கக் கோடு. நல்லாத்தான் இருக்கு. போட்டோவுல பாத்தேன்.

தரகர் போன வாரம் வந்தாரு. "தம்பி எந்த ஊருக்குப் பறக்குது?"ன்னாரு. "கூப்பிட்டா பறக்கும்"னேன். "கூப்பிடலேன்னா?" "கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருக்கும்." "சரி, ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லயே பொண்ணு பாத்துடலாமா?" "பாத்துடலாம். காப்பி டம்ளரைக் கையில வாங்குறப்ப போனு வந்தா, டம்ளரை அப்படியே வச்சுட்டு ஓடும். பொண்ணு புடிக்கலேன்னு நெனச்சுக்கக் கூடாது"ன்னேன். மனுசன் குடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

ஒனக்கு மொகம் சுருங்குது. சுருங்க வேண்டாம். நாம பொறந்ததே கடைமடையிலடா. மேட்டூரை ஜூன் 12ல தொறக்கறதா கணக்கு. கல்லணை தாண்டி, தலைமடைக்காரன் நாத்து விட்டு, நட்டு, களையும் எடுத்து, அதுக்கப்புறம் மிஞ்சின தண்ணிதான் நம்ம வாய்க்காலுக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007ல சொன்ன தீர்ப்புல புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.ன்னு எழுதியிருக்கு, அது நம்ம காரைக்காலுக்குத்தான். ஏட்டுல 7. வாய்க்கால்ல எவ்வளவுன்னு நண்டைக் கேட்டாத் தெரியும்.

அந்தத் தண்ணிக்கு எப்படிக் காத்திருப்போம் தெரியுமா? லஸ்கர் எப்ப ஷட்டரைத் தூக்குவாருன்னு எவனுக்கும் தெரியாது. பகல்ல தூக்கினா பாதி தண்ணியை மேலயே மடக்கிடுவாங்க, அதனால நமக்கு வர்றது என்னமோ ராத்திரி 2 மணிக்குத்தான். மம்முட்டியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு வரப்புல சாக்கை விரிச்சுப் படுத்திருப்பேன். தூங்கவும் இல்ல, முழிக்கவும் இல்ல, ஒரு காது மட்டும் வாய்க்கால்ல கெடக்கும். "தாத்தா வயலுக்குப் போய்ப் படுத்திருக்காரு"ன்னு ஒங்கப்பன் சொல்லுவான். படுத்திருந்தேன்டா, ஆனா அது படுக்கையா? ஒங்க விதிப் பொஸ்தகத்துலயும் ஸ்டாண்ட்பை வேற, ஓய்வு வேறன்னுதானே போட்டிருக்கு. அதை எழுதினவன் எங்கயோ வரப்புல படுத்த ஆளுதான்.

ஒனக்கு லஸ்கரு அந்த ஷெட்யூலிங்கு ஆபீசுல உக்காந்திருக்கிற ஆளு. டெல்லியில பனி மூட்டம், எவனோ ஒரு பைலட்டுக்கு வயித்துப்போக்கு, எங்கயோ ஒரு ப்ளேன் லேட்டு. அவரு ஷட்டரைத் தூக்குறாரு, ஒன் போனு அடிக்குது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள குளிச்சு, சட்டை மாட்டி, ஷூவைத் தொடைச்சுப் போய் நிக்கணும். ஆனா அதே கம்பெனியை விட்டு நீ போகணும்னா? 2017லேருந்து கேப்டனுக்கு 1 வருசம், ஒன்னை மாதிரி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 6 மாசம் முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்கணும்னு சர்க்காரே விதி போட்டிருக்கு. வரச்சொல்ல ரெண்டு மணி, விட்டுப்போக ஆறு மாசம். நம்ம ஊர்ல மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பொண்ணுக்குக் கூட இவ்வளவு கெடு இல்லடா.

மீன்பிடித் தடைக்காலம்னு கோட்டுச்சேரிமேட்டுல போட்டைக் கரையில ஏத்தி வச்சுட்டு 61 நாள் உக்காந்திருக்காங்களே, அவங்களுக்காவது ஏப்ரல் 15, ஜூன் 14ன்னு தேதி கையில இருக்கு. வலையைப் பின்னுறான், பொண்ணுக்குக் கல்யாணம் முடிக்கிறான். ஒனக்கு அந்தப் பாக்கியமும் இல்ல.

இது ஒனக்கு மட்டும் வந்த கேடுன்னு நெனைக்காத. அமெரிக்காவுல இதுக்குப் பேரு ரிசர்வு. அங்க எல்லாமே சீனியாரிட்டி நம்பரு. சேந்த தேதி வரிசையில ஒரு நம்பர் விழும், அந்த நம்பர்தான் தலையெழுத்து. எந்த ஊரு, எந்த ப்ளேன், எந்த நாள் லீவு, தீபாவளி மாதிரி அவங்களுக்கு வர்ற கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்டுல இருக்கலாமா, எல்லாத்தையும் மூத்த நம்பர்க்காரன் பொறுக்கின மிச்சத்துல நீ பொறுக்கிக்கணும். அட, தலைமடை கடைமடைதான். ஒரே நாள்ல பத்துப் பேரு சேந்தா, சில கம்பெனியில வயசுல மூத்தவனுக்கு முன் நம்பர் குடுப்பாங்களாம். கேட்டதும் எனக்கு மனசு குளுந்துச்சு. எங்கயோ ஒரு எடத்துலயாவது பெரியவங்களுக்கு மரியாதை இருக்கு.

வீடு ஒரு ஊரு, வேலை ஒரு ஊருன்னு இருக்கற பயலுவ அங்க ஏர்போர்ட்டுப் பக்கத்துல ஒரு ரூமைக் கூட்டா வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில் போட்டு மொறை வச்சுத் தூங்குறானுவ. கிராஷ் பேடுன்னு பேரு வச்சிருக்கானுவ. ப்ளேன் ஓட்டறவன் படுக்கற எடத்துக்கு வைக்கிற பேராடா அது? திருவல்லிக்கேணி மேன்ஷன்தான், சாம்பார்தான் கெடைக்காது.

இதுல ஒரு கதை மட்டும் சிரிக்க முடியாத கதை. 2009 பிப்ரவரி 12 ராத்திரி, பஃபலோங்கற ஊருக்குப் பக்கத்துல கோல்கன் ஏர் 3407ங்கற ப்ளேன் ஒரு வீட்டு மேல விழுந்து 50 பேரு செத்தாங்க. அந்த கோ-பைலட்டுப் பொண்ணு இருந்தது மேற்குக் கோடியில சியாட்டில் பக்கம், வேலை கெழக்குக் கோடியில நூவர்க்குல. முந்தின ராத்திரி முழுக்கச் சரக்கு விமானத்துல எடம் கேட்டு ஏறி வந்து, ஊழியர் அறையில சாஞ்சு கெடந்துட்டு வேலைக்குப் போச்சு. அது வாங்கின சம்பளத்தை விசாரணையில சொன்னப்ப அமெரிக்காக்காரனே வாயைப் பொளந்தான். விபத்துக்குக் காரணம் கேப்டன் கை தப்பா இழுத்ததுதான்னு விசாரணைக்காரங்க எழுதினாங்க. தூக்கக் கேட்டுக்கு எவ்வளவு பங்குன்னு அளந்து சொல்ல முடியலேன்னும் எழுதினாங்க. ஆனா அதுக்கப்புறம்தான் சட்டம் மாறிச்சு. 2014 ஜனவரியில வந்த விதியில, போனைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருக்கற நேரமே ஒரு தடவைக்கு 14 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கோடு கிழிச்சாங்க. காத்திருக்கறதும் ஒடம்பைத் திங்கும்னு ஒத்துக்க அம்பது உசுரு கேட்டுச்சு.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நீ நேத்து சாயங்காலம் 6 மணிக்கு வேலை முடிச்சே. ராத்திரி ரயில்ல உக்காந்தே வந்தே. வார ஓய்வுன்னா அதுல ரெண்டு ராத்திரி இருக்கணும்னு ஒங்க விதி, அதுல ஒரு ராத்திரியை ரயில்வேக்குத் தானம் பண்ணிட்டே. நாளைக்குக் காலையில பஸ் ஏறினா எட்டு மணி நேரம். அப்பாயி கையால கெழங்கா மீன் கொழம்பு சாப்பிட வந்தேங்கறே, வேண்டாங்கல. ஆனா மறுநாள் விடியக்காலை ஸ்டாண்ட்பைன்னா, இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத. கொழம்பை பஸ்ஸுல குடுத்து விடறேன்.

தூக்கத்தைப் பத்தி இன்னொண்ணு. ராத்திரி 2லேருந்து காலை 6 வரைக்கும் மனுச ஒடம்பு அடங்கற நேரம்னு ஏதோ பெரிய ஆராய்ச்சி மாதிரி சொன்னே. ஏன்டா, இது கன்னக்கோல் திருடனுக்கு எத்தனை நூறு வருசமாத் தெரியும்! அந்த நேரத்துல முழிச்சிருக்கறது வரப்புல நானு, மேல நீயி, கன்னக்கோல் வச்ச அவன். அதனால ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடு. பகல்ல தூங்குறதை எவனாவது கேலி பண்ணினா பண்ணிட்டுப் போறான். "ஸ்டாண்ட்பைதானே, சும்மாதானே இருக்கே, கரெண்ட் பில்லு கட்டிட்டு வா, சித்தி பையனை எக்மோர்ல ஏத்தி விட்டுட்டு வா"ன்னு சொந்தக்காரங்க ஏவுவாங்க. ஏவினது நானா இருந்தாலும் போகாத. போன மாசம் நான் ஏவினேன்தான், அதை விடு. போனு வந்து, போறப்பவே கண்ணு சொருகுச்சுன்னா, "களைப்பா இருக்கு, முடியாது"ன்னு சொல்ல ஒனக்கு எடம் இருக்கு. புதுசா சேந்தவன் சொன்னா பேரு கெட்டுடும்னு பயப்படறே. பேரு கெட்டா திருநள்ளாறு போய் நளன் குளத்துல முங்கிக்கலாம்.

திருநள்ளாறுன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கோயிலுக்கு மேல வந்தா செயற்கைக்கோளெல்லாம் மூணு நொடி நின்னுட்டுப் போகுதாம்னு வாட்ஸப்புல வந்தப்ப ஒன்னைக் கேட்டேன். "அத்தனையும் புளுகு தாத்தா, நின்னா கீழ விழுந்துடும்"னே. சரி. செயற்கைக்கோள் நிக்கல. ஆனா ஒன் பொழப்பு நிக்குதேடா! சனீஸ்வரனுக்கு மந்தன்னு ஒரு பேரு, ஒரு ராசியைத் தாண்டவே ரெண்டரை வருசம் எடுத்துக்குவாரு. ஒன் கம்பெனியோட மேனேஜரு அவருக்கு ஏதும் ஒறவான்னு விசாரி.

அப்புறம் முக்கியமான விசயம், மூக்கு சம்பந்தப்பட்டது. நாம இருக்கறது எந்த ஊரு? தமிழ்நாட்டுக்காரன் வேன் கட்டிக்கிட்டு வந்து எறங்கற ஊரு. கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை, மூணும் உத்தரவு வாங்கி நடக்கற சீமை. ஒன் சேக்காளிங்க ராத்திரி கூப்பிடுவானுவ. பறக்கறதுக்கு 12 மணி நேரம் முந்தி ஒரு சொட்டு கூடாதுன்னு சட்டம், வேலைக்குப் போனா ஊதிக் காட்டணும். கணக்குப் போடு: எப்பக் கூப்பிடுவான்னு தெரியாதவனுக்கு அந்த 12 மணி எப்ப ஆரம்பிக்குது? ஆரம்பிக்கறதே இல்ல, எப்பவுமே ஓடிக்கிட்டிருக்கு. காரைக்கால்ல பொறந்து, கையில சம்பளம் இருந்து, சுத்த சன்யாசியா நிக்கிறே பாரு, ஒனக்குக் கோயில் கட்டலாம். 2023ல செண்டு கூட அடிக்கக் கூடாதுன்னு ஒரு வரைவு போட்டாங்களே, வாய் கொப்பளிக்கிற தண்ணியில ஆல்ககால் இருந்தாலும் ஆகாதுன்னு. காலையில ஒங்க அப்பாயி பழைய சோத்துத் தண்ணி குடுத்தப்ப நீ மோந்து பாத்தியே, அப்பவே புரிஞ்சுது, பய நல்லாத்தான் பயந்திருக்கான்னு.

பணம் காசு நான் கேக்கல. நிலையான சம்பளம் ஒரு பங்கு, பறந்த மணிக்கணக்குக்கு ஒரு பங்குன்னு ஒங்கப்பன் சொன்னான். சும்மா உக்காந்த மாசம் ரெண்டாவது பங்கு இளைச்சுடும். பேங்குக்காரன் தவணை இளைக்காது. இதுல இன்னொரு சூட்சுமம் வேற. 90 நாளைக்குள்ள 3 தடவை ஏத்தி 3 தடவை எறக்கியிருக்கணும், இல்லேன்னா ஜனங்களை வச்சு ஓட்ட முடியாது, பொம்மை ப்ளேன்ல போய் உக்காந்து சரி பண்ணிக்கணும்னு சொன்னே. அது நியாயம்தான். நாயனக்காரனுக்கு முகூர்த்தம் இல்லாத மாசத்துலயும் சீவாளி காயக் கூடாது, வாயில வச்சு நனைச்சுக்கிட்டே இருப்பான். நீயும் தேதியைச் சொவத்துல குறிச்சு வை. கேப்டன் லைசென்ஸுக்கு 1,500 மணி வேணும். இப்ப எவ்வளவு? சொல்ல வேண்டாம், மொகத்தைப் பாத்தாலே தெரியுது.

இவ்வளவு கிண்டல் பண்றேனேன்னு கோவிச்சுக்காத. 2025 டிசம்பர்ல நடந்ததை டிவியில பாத்தப்பதான் ஒன் உத்தியோகம் என்னன்னே எனக்கு வெளங்கிச்சு. பைலட்டுக்குத் தூக்கம் வேணும்னு 2024 ஜனவரியிலயே புது விதி எழுதினாங்க. கம்பெனிங்க தள்ளிப் போடச் சொன்னாங்க, பைலட்டுங்க டெல்லி ஹைகோர்ட்டு வரைக்கும் போனாங்க, கடைசியில ரெண்டு தவணையா வந்துச்சு. 2025 ஜூலையில வார ஓய்வு 36 மணியிலேருந்து 48 ஆச்சு. நவம்பர் 1லேருந்து ராத்திரிங்கறது 5 மணிக்கு முடியாம 6 மணி வரைக்கும் நீண்டுச்சு, ராத்திரி எறக்கம் 6லேருந்து 2 ஆச்சு. கிட்டத்தட்ட ரெண்டு வருசம் அவகாசம் இருந்துச்சு. ஆனா டிசம்பர் மொத வாரம் இண்டிகோவுக்கு ஆளு பத்தல. உள்நாட்டுல பறக்கற பத்துப் பேருல ஆறு பேரை ஏத்திக்கிட்டுப் போற கம்பெனி! 5ஆம் தேதி ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ரத்து. ஏர்போர்ட்டுல பெட்டி மலை மாதிரி குமிஞ்சு கெடந்துச்சு, கல்யாண மாப்பிள்ளையெல்லாம் தரையில படுத்திருந்தான். தப்புக் கணக்குப் போட்டுட்டோம்னு கம்பெனியே ஒத்துக்கிச்சு. சர்க்காரு 2026 பிப்ரவரி 10 வரைக்கும் ராத்திரி விதியைத் தளத்தி விட்டுட்டு, பத்துல ஒரு பங்கு ப்ளேனைக் கொறைச்சுக்கன்னுடுச்சு.

ஒன் உத்தியோகம் என்னன்னு வெளங்கிச்சுன்னேனே, வெதக்கோட்டை தெரியுமா ஒனக்கு? வைக்கோல் பிரி சுத்தி, வெதநெல்லை உள்ள வச்சுக் கட்டி மேல தொங்க விடுவோம். வருசம் முச்சூடும் அது எந்த வேலையும் செய்யாது. எலி மட்டும்தான் அதை மதிக்கும். வெவரம் கெட்ட மருமவ ஒருத்தி, "சும்மாதானே தொங்குது"ன்னு அவுத்துக் குத்தி ஒலையில போட்டாளாம். அன்னைக்குச் சோறு நல்லாத்தான் இருந்திருக்கும். பம்மல்ல ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கியே, நீ தொங்கற கோட்டைடா. கணக்குப்புள்ளைக்கு நீ வீண் செலவு மாதிரித்தான் தெரிவே. தெரிஞ்சா தெரியட்டும்.

நீ மட்டுமா? நம்ம காரைக்காலுக்கு ஏர்போர்ட்டு வருதுன்னு சொன்னாங்களே. மத்திய சர்க்காரு கொள்கை அளவுல ஒப்புதல் குடுத்த பட்டியல்ல ஷீரடி, கண்ணூர்னு போட்டு நம்ம ஊரு பேரும் இருக்கு. ஷீரடி 2017ல பறந்துடுச்சு. கண்ணூர் 2018ல பறந்துடுச்சு. நம்முது? ஏர்போர்ட்டே ஸ்டாண்ட்பையில இருக்கற ஊர்லேருந்து போன பைலட்டு நீ. அது என்னைக்காவது வந்தா, நீ ஓட்டிக்கிட்டு வந்து எறக்கு, நான் கைலாசம் போன காரைக்கால் அம்மையார் மாதிரித் தலையாலயே நடந்து வந்து பாக்கறேன். வர்ற ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுக்கு லீவு கேட்டுப் பாரு. குடுக்க மாட்டான். கேட்டு வை. ஒனக்குன்னு நாலு மாங்கா புடிச்சு வைக்கறேன், அழுகறதுக்குள்ள வந்தா ஒனக்கு, இல்லேன்னா எனக்கு.

இரு, இரு, போனு அடிக்குது. ஏன்டா இப்படித் துள்ளி எழுந்திரிக்கிறே, வேட்டி அவுந்துடப் போவுது. ஒனக்கில்லடா, எனக்கு. என் தலைமாட்டுலயும் ஒரு போனு கெடக்குறதை நீ பாக்கவே இல்லியா? ஹலோ... ஆமா, நான்தான்... எங்க, பூவம் தாண்டிடுச்சா? மொத வயல் யாரோடது?... சரி, சரி, பனி எறங்கறதுக்குள்ள ஒரு மாவாவது போட்டுடுங்க, நான் லைட்டோட வந்து நிக்கிறேன்.

அறுவடை செயின் வண்டிடா. நாலு நாளா "இதோ வர்றோம், இதோ வர்றோம்"னுக்கிட்டு இருந்தான் ஏஜெண்டு, கதிரெல்லாம் மழைக்குச் சாஞ்சு கெடக்கு. அந்த டார்ச்சை எடு. துண்டை எடு. நீ எங்க கெளம்புறே? மணி 9 ஆவுது, ஒன் 48ல 27 போச்சு, பாக்கி இருக்கறது 21, அதுலயும் பஸ்ஸுக்கு எட்டு. போயிப் படு.